பெற்றோர் நினைவில் பாதயாத்திரை: பலன் யாரைச் சேரும்?

மறைந்த தாயையோ தந்தையையோ நினைந்து ஒரு குடும்பம் பல நாள் நடந்து ஒரு திருத்தலத்தை அடைவது தமிழ்நாட்டில் எல்லாச் சமயத்தாரிடமும் காணப்படும் வழக்கம். நேர்த்திக்கடன் என்று இதைச் சிலர் சொல்வர். ஆன்ம சாந்திக்காக என்று வேறு சிலர் சொல்வர். அப்பா ஆண்டுதோறும் நடந்த வழி, ஆகவே பிள்ளைகளும் நடக்கிறோம் என்பதற்கு மேல் விளக்கம் தேடாதவரும் பலர். எளிமையாகத் தோன்றும் இவ்வழக்கத்துக்குள் கடினமான சமய வினா ஒன்று அடங்கியிருக்கிறது. நடப்பவர் உயிரோடிருப்பவர், கால் கொப்பளிப்பதும் வெயிலில் வாடுவதும் அவருடைய உடல், அந்த வருத்தத்தின் பலன் உடலை நீத்துச் சென்ற இன்னொருவரைச் சேருமா, சேருமெனில் எவ்வழியில், சேராதெனில் அந்த நடைக்குப் பொருள் என்ன என்பதே அவ்வினா.

இதை ஆராய்வதற்குக் கேளம்பாக்கமும் அதைச் சூழ்ந்த கடற்கரையும் மிகப் பொருத்தமான நிலம். பழைய மாமல்லபுரம் சாலையும் வண்டலூர்ச் சாலையும் கோவளம் சாலையும் கூடும் இவ்வூருக்குக் கிழக்கே, உப்பளங்களையும் கழிமுகத்தையும் கடந்தால் கோவளம். கார்மேல் மாதா ஆலயமும், நபிகள் நாயகத்தின் தோழருள் ஒருவர் என்று மக்கள் போற்றும் தமீம் அன்சாரியின் தர்காவும் அந்த ஓர் ஊரிலேயே இருக்கின்றன. கோவளத்துக்குத் தெற்கே 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான திருவிடந்தையும், அதற்கும் தெற்கே பூதத்தாழ்வார் அவதரித்த கடல்மல்லையாகிய மாமல்லபுரமும் உள்ளன. கேளம்பாக்கத்திலிருந்து தெற்கே சென்றால் 17ஆம் நூற்றாண்டில் சிதம்பர சுவாமிகள் புதுப்பித்த திருப்போரூர் முருகன் கோயிலும், அதற்கு அப்பால் வேதகிரியின் மேல் சிவன் வீற்றிருக்கும் திருக்கழுக்குன்றமும், அங்கிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் வழியில் இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாத நென்மேலியும் வருகின்றன. ஆகஸ்ட் மாதத்தின் பிற்பகுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் காவி உடுத்த வேளாங்கண்ணித் திருப்பயணிகள், மாதா சொரூபம் வைத்த சிறு தேர்களை இழுத்தபடி தெற்கு நோக்கி நடக்கின்றனர். இறந்தோர்க்கும் இருப்போர்க்கும் இடையிலான உறவு குறித்து ஒவ்வொரு சமயமும் கண்ட விடை இந்நிலத்திலேயே அருகருகே நிற்கிறது.

மூவகை நோக்கம்

பெற்றோர் நினைவில் நடப்போரின் நோக்கங்களை ஒன்றாகக் கலந்துவிட்டால் வினா தெளிவடையாது. அவற்றை மூன்றாகப் பிரித்துக் காண வேண்டும். முதலாவது, பெற்றோர் நேர்ந்துகொண்டு நிறைவேற்றாமல் சென்ற வேண்டுதலைப் பிள்ளைகள் முடித்துக் கொடுப்பது. இது கடன் தீர்த்தல். இரண்டாவது, இறந்தவருடைய உயிர் நற்கதி அடையும்பொருட்டு நடையின் புண்ணியத்தை அவருக்கு உரியதாக்குவது. இது பலன் சேர்த்தல். மூன்றாவது, பெற்றோர் நடந்த நடையைத் தலைமுறை விடாமல் காப்பது. இது வழி தொடர்தல். செட்டிநாட்டு நகரத்தார் தைப்பூசத்துக்குப் பழனி மலைக்குக் காவடி எடுத்து நடந்து செல்வதும், வழிபாடு முடிந்தபின் ஊர்தியில் ஏறாமல் நடந்தே ஊர் திரும்புவதும் இம்மூன்றாம் வகைக்குச் சிறந்த சான்று. நெற்குப்பையைச் சேர்ந்த குமரப்பச் செட்டியார் உப்பு வணிகத்துக்காகப் பழனி சென்றதிலிருந்து அந்நடை தொடங்கியது என்பது அவர்களது மரபுச் செய்தி. அவர் பெயரும் அவர் நடந்த வழியும் இன்று நடப்பவர்களின் கால்களிலேயே வாழ்கின்றன.

இம்மூன்றனுள் பலன் சேர்த்தல் என்ற நோக்கமே தத்துவ ஆராய்ச்சியில் பெரிதும் பேசப்பட்டது. ஆயினும் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு அதை மட்டும் ஆராய்ந்தால், இறந்தவருக்கு நாம் எதையோ அனுப்புகிறோமா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வியாக எல்லாம் சுருங்கிவிடும். பலனைப் பற்றிய வினாவுக்கு முன்னே நிற்பது கடனைப் பற்றிய வினா என்பதும், கடன் தெளிந்தால் பலன் தானே தெளியும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

கடன் என்னும் அடிப்படை

மனிதன் பிறக்கும்போதே கடன்பட்டவனாகப் பிறக்கிறான் என்பது வேதமரபின் பழங்கொள்கை. முனிவர்க்குக் கல்வியாலும், தேவர்க்கு வேள்வியாலும், பிதிரர்க்கு மக்கட்பேற்றாலும் தீர்க்க வேண்டிய மூன்று கடன்களைத் தைத்திரீய சம்ஹிதை கூறுகிறது. பிதிரர் என்போர் மறைந்த முன்னோர். இல்வாழ்வான் போற்ற வேண்டிய ஐவரை வரிசைப்படுத்தும் திருக்குறள், தெய்வத்துக்கும் விருந்துக்கும் சுற்றத்துக்கும் முன்பாகத் தென்புலத்தாரை வைக்கிறது. அவர்கள் இருக்கும் இடம் தென்திசை என்பதால் அப்பெயர் பெற்றனர் என்று பரிமேலழகர் விளக்குகிறார். முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைக்கும் தர்ப்பணமும், இறந்த திதியில் உணவு படைக்கும் சிராத்தமும் இந்தக் கடன் உணர்விலிருந்தே பிறந்தவை.

இஸ்லாமியச் சட்ட மரபு இதே உணர்வை இன்னும் கூர்மையாக வடித்துத் தந்திருக்கிறது. ஹஜ் செய்வதாக நேர்ந்துகொண்டு நிறைவேற்றாமலே இறந்த தாய்க்காகத் தான் ஹஜ் செய்யலாமா என்று ஜுஹைனா குலத்துப் பெண் ஒருத்தி நபிகள் நாயகத்திடம் கேட்டதாகப் புகாரி தொகுப்பின் ஹதீஸ் ஒன்று கூறுகிறது. உன் தாய்க்குப் பணக்கடன் இருந்திருந்தால் நீ அடைத்திருப்பாய் அல்லவா என்று அவளிடமே திருப்பிக் கேட்ட நாயகம், இறைவனுக்குரிய கடன் அடைக்கப்படுவதற்கு இன்னும் தகுதியுடையது என்று அறிவுறுத்தினார். ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் செய்யும் இத்தகைய ஹஜ்ஜுக்கு ஹஜ் பதல் என்று பெயர். தமிழகக் கடற்கரை முஸ்லிம்கள் பலர் பின்பற்றும் ஷாபிஈ சட்டநெறி இதற்கு முக்கியமான நிபந்தனை ஒன்றை விதிக்கிறது: தன் கடமையான ஹஜ்ஜை முடித்தவரே பிறருக்காக ஹஜ் செய்ய இயலும். தன் கடனைத் தீர்க்காதவன் தாயின் கடனைத் தீர்க்க முன்வருவது ஒழுங்காகாது என்பது இதன் உட்பொருள்.

இந்த ஹதீஸில் உற்றுநோக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தாய்க்கு என்ன கிடைக்கும் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கடன் அடைபடுமா என்றுதான் கேட்கிறாள். கடனை அடைப்பதற்குக் கடன்பட்டவர் உயிரோடிருக்க வேண்டும் என்ற கட்டாயம் எந்த ஊர் வழக்கத்திலும் இல்லை. அவர் பெயரால், அவர் வழிவந்தவர் கொடுத்தால் கணக்கு நேராகிறது. ஆகவே கடன் தீர்த்தல் என்ற முதல் வகை நடை, வினை ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்கு மாறுமா என்ற சிக்கலுக்குள் செல்லாமலே தன்னளவில் பொருள் நிறைந்ததாக நிற்கிறது. தாய் நேர்ந்துகொண்ட வேளாங்கண்ணி நடையை அவர் மறைவுக்குப் பின் நடந்து முடிக்கும் மக்களுக்கும், தந்தை வேண்டிக்கொண்ட பால்குடத்தைத் திருப்போரூருக்குச் சுமக்கும் மகனுக்கும் இவ்விடையே போதுமானது.

பலன் மாறுமா என்னும் தடை

இரண்டாம் வகை நடைக்கு எதிராக எழும் தடை வலிமை வாய்ந்தது. செய்தவனே நுகர்வான் என்பது இந்திய மண்ணின் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவான வினைக்கொள்கை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதமும் அதன் வழிநூலாக அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரும், உயிர் ஈட்டிய வினையின் பயனை இறைவனே அவ்வுயிருக்குக் கூட்டுவிக்கிறான் என்று நிறுவுகின்றன; வினை சடமாதலால் தானே சென்று பற்றாது, உயிர் சிற்றறிவுடையதாதலால் தனக்குரிய பயனைத் தானே தேர்ந்தெடுக்காது என்பது அவற்றின் காரணம். அப்படியாயின், ஒருவன் நடந்த நடையின் பயன் இன்னொருவனைச் சேர்வதற்கு இடமேது? சேரும் என்றால், ஒருவன் செய்த தீவினையும் இன்னொருவனைச் சேர வேண்டிவரும். அது நீதிக்கு முரண்.

சார்வாகர் எனப்பட்ட பழைய உலகாயதர் இந்தத் தடையை வேறு வகையில் எழுப்பினர். 14ஆம் நூற்றாண்டில் மாதவாசாரியர் தொகுத்த சர்வதரிசன சங்கிரகம் அவர்களது வாதத்தைப் பதிவு செய்திருக்கிறது: சிராத்தத்தில் இடும் உணவு இறந்தவர் பசியைத் தீர்க்கும் என்றால், வழிநடைப் பயணிக்குக் கட்டுச்சோறு தேவையில்லை, வீட்டில் இருப்போர் அவர் பெயரால் இலை போட்டால் வழியில் அவர் வயிறு நிறைந்துவிட வேண்டும். கேட்போரைத் திகைக்கவைக்கும் வாதம் இது. சிராத்தத்தைக் குறித்த வாதத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு ஒரு வழிநடைப் பயணியாக அமைந்தது, பாதயாத்திரையைப் பற்றிய இவ்வாராய்ச்சிக்குக் கிடைத்த அரிய திறவுகோல்.

தடைக்குச் சமயங்கள் தந்த விடைகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. பௌத்தத்தின் பாலி நூல்களுள் ஒன்றான பேதவத்து, இறந்தோர் பெயரால் சங்கத்துக்கு ஈயும் தானம் அவர்களைச் சேரும் வழியை விளக்குகிறது. தன் பெயரால் ஒரு நற்செயல் நடப்பதைக் கண்டு இறந்தவர் மனம் மகிழ்கிறார். அனுமோதனை எனப்படும் அந்த மகிழ்ச்சி அவர் உள்ளத்தில் எழும் நல்வினை. அதன் பயனையே அவர் அடைகிறார். புண்ணியம் கைமாறவில்லை, ஒருவர் செயல் இன்னொருவரின் நல்வினைக்கு வாய்ப்பாகிறது. செய்தவனே நுகர்வான் என்ற விதியும் காக்கப்படுகிறது, இறந்தவரும் கைவிடப்படவில்லை.

கத்தோலிக்க மரபு வேறு பாதையில் சென்றது. பாவப்பொறுத்தல் பெற்றும் முழுத் தூய்மை அடையாத ஆன்மாக்கள் தங்கியிருக்கும் நிலையைத் தமிழ்க் கத்தோலிக்கர் உத்தரிக்கிற ஸ்தலம் என்பர். அங்குள்ளோர்க்காக இவ்வுலகத்தார் செய்யும் செபமும் தவமும் திருப்பயணமும் பயன் தரும் என்பது அத்திருச்சபையின் போதனை. நான்காம் சிக்ஸ்துஸ் பாப்பரசர் 1476இல் விடுத்த ஆணை, திருச்சபை வழங்கும் பலன்களை இறந்தோர்க்கும் ஒப்புக்கொடுக்கலாம் என்று இசைவு தந்தபோது, அது பரிந்துவேண்டும் முறையிலேயே அமையும் என்று குறிப்பிட்டது. அதாவது, இறந்தவரின் கணக்கில் எதையும் வரவு வைக்கும் அதிகாரம் நடப்பவருக்கோ திருச்சபைக்கோ இல்லை. அன்போடு கேட்கும் உரிமை மட்டுமே உண்டு, அருள்வது இறைவன். நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றுவோரும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல் நடந்து செப்டம்பர் 8ஆம் நாள் திருவிழாவுக்கு வேளாங்கண்ணி சேர்வோரும் இந்தப் பரிந்துரைக்கும் உரிமையையே கைக்கொள்கின்றனர். இருப்போரும் இறந்தோரும் ஒரே உடலின் உறுப்புகளாக இணைந்திருக்கின்றனர் என்ற புனிதர்களின் சமூக உறவு அவர்களது நம்பிக்கை அறிக்கையிலேயே இடம்பெற்ற கோட்பாடு.

இவ்விரு விடைகளும் ஒரு புள்ளியில் கூடுகின்றன. பலன் என்பது பொருளைப்போல ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதில்லை. ஓர் உறவு உயிரோடிருப்பதால் இரு பக்கத்திலும் நன்மை பிறக்கிறது. சைவச் சடங்கு நூல்களாகிய பத்ததிகள், வினைக்கொள்கையைச் சிறிதும் தளர்த்தாமலே, இறுதிக்கடனாகிய அந்தியேட்டியையும் சிராத்தத்தையும் விரிவாக வகுத்திருப்பதற்கும் இவ்வுறவே காரணமாகலாம்.

நென்மேலியும் வல்லாளனும்

உறவே சடங்கின் உயிர் என்பதை வாதத்தால் அன்றி வழிபாட்டால் நிறுவியிருக்கும் தலம், செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடையிலுள்ள நென்மேலி. அங்குள்ள லட்சுமி நாராயணப் பெருமாள், சிராத்த சம்ரட்சண நாராயணன் என்று போற்றப்படுகிறார். ஆற்காட்டு நவாபின் ஆட்சியில் வரி தண்டும் பொறுப்பிலிருந்த யக்ஞநாராயண சர்மா என்பவரும் அவர் மனைவி சரஸவாணியும் வரிப்பணத்தைப் பெருமாள் திருப்பணிக்கே செலவிட்டனர் என்றும், தண்டனைக்கு அஞ்சித் திருவிடந்தைத் திருக்குளத்தில் மூழ்கி உயிர்நீத்தனர் என்றும் தலவரலாறு கூறுகிறது. பிள்ளைப்பேறு இல்லாத அவர்களுக்கு ஈமக்கடனும் சிராத்தமும் செய்வோர் எவருமில்லை என்ற குறையைப் பெருமாளே ஏற்றுக்கொண்டு, ஒரு மகன் செய்ய வேண்டியதைத் தாமே செய்தார் என்பது நம்பிக்கை. இன்றும் நண்பகலை ஒட்டிய குதப காலத்தில் அங்கே அந்தச் சிராத்த வழிபாடு நடைபெறுகிறது. தம் முன்னோர்க்குச் சிராத்தம் செய்ய இயலாதோர் அக்கடமையைப் பெருமாளிடம் ஒப்படைத்து வணங்குகின்றனர்.

திருவண்ணாமலையிலும் இதற்கு ஒத்த வழக்கு உண்டு. 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளனுக்கு மகனில்லாத குறையைத் தீர்க்க அருணாசலேசுவரரே அவனுக்கு மகனாக அமைந்தார் என்பது தலபுராணம். மாசி மகத்தன்று இறைவன் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளி அம்மன்னனுக்குத் திதி கொடுக்கும் நிகழ்ச்சி ஆண்டுதோறும் நடைபெறுகிறது.

இவ்விரு வழக்குகளையும் தத்துவ நோக்கில் எண்ணிப் பார்த்தால் ஒரு பேருண்மை புலப்படும். இறந்தவருக்கு நற்கதி தருவது மட்டுமே நோக்கமாயின், எல்லாம் வல்ல இறைவனுக்கு எள்ளும் நீரும் எதற்கு? விரும்பிய அளவில் அவன் வீடுபேறு அளித்துவிடலாமே. அவ்வாறு அளித்ததோடு அமையாமல், ஆண்டுதோறும் மகனுக்குரிய இடத்தில் நின்று மகன் செய்வதையே இறைவன் செய்கிறான் என்று நம் முன்னோர் கண்டிருக்கின்றனர். சிராத்தம் பலன் அனுப்பும் கருவியாக மட்டும் இருந்திருந்தால் இப்படியொரு வழிபாடு தோன்றியிருக்காது. ஒருவர் இறந்தபின்னும் அவருக்கு மகனாக, மகளாக இருந்துகொண்டிருப்பதே அதன் பொருள். நற்கதியும் அருளும் அதனைத் தொடர்ந்து வருபவை. குருதி உறவு இல்லாதோர்க்கும் இக்கடன் செல்லும் என்பது நென்மேலி கற்பிக்கும் இரண்டாம் பாடம்.

நடை ஏன் வேண்டும்

ஒரு மணி நேரத்தில் முடியும் சடங்கு இருக்க, பல நாள் நடை எதற்கு என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. முதற்காரணம் உடல். பெற்றோர் பிள்ளைக்குத் தந்த முதற்பொருள் இந்த உடல். பிள்ளை அவர்களுக்காகச் செலவிடக்கூடிய, வேறு எவரிடமும் கடன் வாங்க முடியாத பொருளும் அதுவே. பணம் கொடுத்துச் சடங்கை வாங்கலாம், சொற்களைப் புரோகிதரிடம் விட்டுவிடலாம். நடையை எவரிடமும் விட்டுவிட முடியாது. திருநாவுக்கரசர் கயிலைக்குச் சென்றபோது பாதம் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும் உந்திச் சென்றார் என்று பெரியபுராணம் கூறும் வரலாறு, உடலால் செலுத்தும் அன்பின் எல்லை எது என்பதைத் தமிழர்க்குக் காட்டியது. அவர் நாடிய காட்சி கயிலையில் கிட்டாமல் திருவையாற்றில் கிட்டியது. எனினும் அந்தப் பயணத்தில் ஓரடியும் வீணானதாக நம் மரபு கருதவில்லை.

இரண்டாவது காரணம், நடையில் எல்லாருக்கும் சம இடம் உண்டு என்பது. சிராத்தத்தில் கருத்தாவாக அமர்வதற்கு மகனுக்கே முதலுரிமை என்று தருமநூல்கள் வகுத்துள்ளன. மகள் தாயை எவ்வளவு நேசித்திருந்தாலும் பெரும்பாலான வீடுகளில் அவள் விலகி நிற்க வேண்டியிருக்கிறது. பாதையில் அந்த வேறுபாடு இல்லை. மகளும் மருமகளும் பேரப்பிள்ளையும் மகனுக்கு இணையாக நடக்கின்றனர். எவர் மெல்ல நடக்கிறாரோ அவருடைய வேகமே குடும்பத்தின் வேகமாகிறது. இறந்தவரைப் பற்றிப் பேசுவதற்கு வீட்டில் கிடைக்காத பொழுது அங்கே கிடைக்கிறது. பிறந்த ஊரையும் குலதெய்வத்தையும் விட்டு வந்து, பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்குமாடிகளில் வாழும் குடும்பங்களுக்கு இது பெரும்பேறு. ஆற்றங்கரையும் குளக்கரையும் எட்டாத தொலைவில் இருக்கும்போதும், வீட்டு வாசலில் தொடங்கும் பாதை ஒன்று முன்னோரிடம் அவர்களை அழைத்துச் செல்லும்.

மூன்றாவது காரணமே எல்லாவற்றிலும் முதன்மையானது; சார்வாகரின் தடைக்கு விடையும் அதில்தான் இருக்கிறது. வீட்டில் இடும் சோறு வழிநடைப் பயணியின் பசியைத் தீர்க்காது என்று அவர்கள் சொன்னபோது, தன் கட்டுச்சோற்றை மட்டும் நம்பித் தனியே செல்லும் ஒருவனை எண்ணிச் சொன்னார்கள். பாதயாத்திரை அப்படி நடப்பதில்லை. வழியிலுள்ள ஊர்களில் எவரோ மோர்ப்பந்தல் வைக்கின்றனர், எவரோ தம் வீட்டு உலையில் கூடுதல் அரிசி இடுகின்றனர், எவரோ திண்ணையைத் தூங்கக் கொடுக்கின்றனர். நடப்பவரின் மதமும் சாதியும் கேட்காமல் தரப்படும் அந்த உணவு, வேறொருவர் வீட்டில் சமைத்ததுதான். ஆயினும் பயணியின் பசியை அது தீர்க்கிறது. கொடுத்தவர் தம் பெற்றோர் நினைவாகக் கொடுத்திருக்கலாம். உண்டவர் தம் பெற்றோர் நினைவாக நடந்துகொண்டிருக்கலாம். இது மறுமையைப் பற்றிய நிறுவல் ஆகாது. உணவு ஒரு வயிற்றிலிருந்து இன்னொரு வயிற்றுக்குத் தாவாது என்ற அளவில் சார்வாகர் சொன்னது சரியே. ஆனால் பெற்றோர்க்கு உரியதைப் பெற்றோரிடமே சேர்த்தாக வேண்டும் என்ற அவர்களது எடுகோள் பிழையானது. பெற்றோர் உயிரோடிருந்த நாளிலும் அவர்கள் தந்ததற்கு ஈடாக அவர்களிடமே திருப்பிக் கொடுத்து முடித்தவர் எவருமில்லை. அக்கடன் எப்போதும் அடுத்தவர் பசியையும் அடுத்த தலைமுறையையும் நோக்கியே தீர்க்கப்பட்டு வந்திருக்கிறது. சிராத்தத்தில் பிதிரர் பெயரால் இடும் இலையில் உண்போரும் உயிரோடிருக்கும் விருந்தினரே.

ஜப்பானின் ஷிகோக்குத் தீவில் இதே உண்மை வேறொரு வடிவில் வாழ்கிறது. கூக்காய் எனும் பௌத்தத் துறவியின் நினைவோடு 88 கோயில்களைச் சுற்றி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் செல்லும் அப்பாதையில், இறந்த பெற்றோரையும் துணையையும் எண்ணி நடப்போர் பலர். வெள்ளாடை அணிந்து கைத்தடியோடு செல்லும் அவர்களுடன் அத்துறவியும் உடன்வருகிறார் என்பது நம்பிக்கை. எனவே எவரும் தனியே நடப்பதில்லை. வழியிலுள்ளோர் பயணிக்குப் பழமும் தேநீரும் தந்து உபசரிப்பதை அவ்வூரார் ஓர் அறமாகவே போற்றுகின்றனர். கொடுப்பவரும் யாத்திரையின் புண்ணியத்தில் பங்கு பெறுகிறார் என்பது அவர்களது கொள்கை. கடலுக்கு அப்பாலும் நடையும் ஈகையும் பிரியாமல் இருக்கின்றன.

கல்லறை இல்லாதோர்

நினைவுக்கு ஓர் இடம் வேண்டும். இடமே இல்லாதபோது நடை அவ்விடமாக நிற்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கடற்கரை முழுவதையும் தாக்கியது; வேளாங்கண்ணியில் கடற்கரைக்கு வந்திருந்த ஏராளமான திருப்பயணிகளைக் கொண்டுசென்றது. உடல் கிடைக்காத குடும்பங்கள் எங்கே மெழுகுவர்த்தி ஏற்றும், எந்தச் சாம்பலைக் கரைக்கும்? தர்ப்பையால் உருவம் செய்து எரியூட்ட மரபு இடம் தந்திருக்கிறது. ஆனால் மனம் ஆறுவதற்கு அது மட்டும் போதுவதில்லை.

ஈழத்தில் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் செல்லும் நெடும் பாதயாத்திரை, போர்க்காலத்தில் தடைப்பட்டுப் போர் ஓய்ந்தபின் மீண்டும் தழைத்தது. முல்லைத்தீவையும் திருகோணமலையையும் மட்டக்களப்பையும் கடந்து செல்லும் அவ்வழியில், போர் விழுங்கிய பெற்றோரையும் பிள்ளைகளையும் நினையாமல் ஒருவர் நடப்பது அரிது. எங்கே இறந்தார் என்று தெரியாத ஒருவருக்கு, அவர் வாழ்ந்த நிலம் முழுவதுமே நினைவிடமாகிறது. அந்நிலத்தைக் காலால் தொட்டுச் செல்வது அவர்க்குச் செய்யும் வழிபாடாகிறது.

நடைக்கு உரிய நிபந்தனை

இத்துணைப் பொருள் நிறைந்த வழக்கம் தன் பொருளை இழக்கும் வழிகளும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. உயிரோடிருந்த நாளில் கவனிக்காமல் விட்ட தந்தைக்காக அவர் மறைவுக்குப் பின் ஊரறிய நடப்பது நினைவாகாது. பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற்றுத்தர 2007ஆம் ஆண்டில் இந்தியாவில் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது என்பது நம் காலத்தின் துயரமான சான்று. தன் ஹஜ்ஜை முடித்தவரே பிறருக்காக ஹஜ் செய்யலாம் என்ற ஷாபிஈ விதியின் உணர்வை எல்லாச் சமயத்தாரும் ஏற்கலாம்: இருக்கும் பெற்றோரைப் பேணும் கடனை முடித்தவருக்கே மறைந்த பெற்றோர்க்காக நடக்கும் தகுதி உண்டு. இரவில் விளக்கின்றி நெடுஞ்சாலையில் குழந்தைகளை நடத்திச் செல்வதும், உண்ட இலையையும் நெகிழிக் குவளையையும் ஊரார் வாசலில் விட்டுச் செல்வதும் நடப்பவரின் கடனைக் கூட்டுமேயன்றிக் குறைக்கா.

ஆகவே, பலன் யாரைச் சேரும் என்ற வினாவுக்கு இவ்வாறு விடை கூறலாம். இறந்தவரை அது சேர்வது இறைவன் கையிலும் அவர் உள்ளத்தின் மகிழ்விலும் இருக்கிறது. அதை வேண்டுவதற்கு நமக்கு உரிமை உண்டு, உறுதி கூறுவதற்கு அதிகாரம் இல்லை. நடப்பவரைச் சேர்வது, பிள்ளையாகத் தொடர்ந்து இருக்கும் பேறு. வழியில் உள்ளோரைச் சேர்வது, கொடுக்கவும் பெறவும் கிடைக்கும் வாய்ப்பு. இம்மூன்றும் சேர்ந்ததே பெற்றோர் கடன். இந்த ஆண்டு தாயையோ தந்தையையோ நினைந்து தெற்கு நோக்கி நடக்கவிருக்கும் குடும்பங்கள், தங்களோடு நடக்க இயலாத முதியவர் ஒருவருக்கு வேண்டியதைச் செய்துவிட்டுப் புறப்படட்டும். நடக்க இயலாத நாம், கேளம்பாக்கத்திலும் கோவளத்திலும் திருப்போரூரிலும் அவர்கள் கடந்து செல்லும் வாசல்களில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு பந்தி சோறும் நம் பெற்றோர் பெயரால் வைப்போம்.